பிடித்துக்கொண்ட எஞ்சினும் "கண்டம்" பட்டியலும்

வேளாண் கல்லூரிப் பண்ணைகளிலும் பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பிரிவுகளிலும் இருப்புச் சரிபார்ப்பு முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகும். பவர் டில்லர், புல்வெட்டும் எந்திரம், விசைத்தெளிப்பான் எனப் பெயர்கள் வரிசையாக நிற்கும். எதிரே "பழையது, எஞ்சின் சுற்றவில்லை, பயன்பாட்டுக்கு ஏற்றதன்று" என்னும் பொருளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும். அலுவலக வழக்கில் இதற்குக் "கண்டம் செய்தல்" என்று பெயர். இரும்பு எடைக்குப் போகவிருக்கும் அவ்வெந்திரங்களை யாரேனும் திறந்து பார்த்தார்களா என்ற வினாவுக்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

"எஞ்சின் சுற்றவில்லை" என்பது அறிகுறி மட்டுமே. பட்டறைக்காரர் "எஞ்சின் சீஸ்" என்று ஒரே சொல்லால் குறிப்பதற்குள் குறைந்தது இரண்டு வேறு நிலைகள் அடங்கியுள்ளன. ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் வற்றி, சூடேறி, பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர்ச் சுவரில் இழுபட்டு ஒட்டிக்கொள்வது ஒன்று. ஓடாமலே கெடுவது மற்றொன்று. எஞ்சின் நின்ற நிலையில் புகைவால்வு சற்றே திறந்திருந்தால் மழைக்காலத்து ஈரக்காற்று சைலன்சர் வழியே உள்ளே புகும்; வார்ப்பிரும்புச் சுவரும் பிஸ்டன் வளையங்களும் துருவேறி ஒன்றோடொன்று பிணையும். முன்னதில் உலோகமே காயப்பட்டிருக்கிறது. பின்னதில் பெரும்பாலும் ஒரு துருப்படலம் பிடித்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவே. ஓட்ட ஆளின்றியும் சிறு உதிரிபாகம் கிடைக்காமலும் கொட்டகையில் ஒதுக்கப்பட்டவை இரண்டாம் வகையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

இந்த இரண்டையும் பிரித்தறியப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கேரளத்திலும் அசாமிலும் வயலுழும் பவர் டில்லரை எடுத்துக்கொள்ளலாம். அதன் எஞ்சினிலிருந்து பல்சக்கரப் பெட்டிக்கு விசையைக் கொண்டுசெல்லும் வி-பெல்ட்டுகளை முதலில் கழற்ற வேண்டும். அதன்பின் ஃப்ளைவீல் சுற்றினால் குற்றம் எஞ்சினுடையது அன்று; பல்சக்கரப் பெட்டியோ கிளட்சோ இறுகியிருக்கிறது. இந்த ஒரு சோதனைகூட இன்றி எஞ்சின்கள் குற்றவாளிகளாக்கப்படுவதுண்டு. அப்போதும் சுற்றவில்லையெனில் இன்ஜெக்டரைக் கழற்றி, அத்துளை வழியே துருவில் ஊடுருவும் எண்ணெய் ஊற்ற வேண்டும். கிடைக்காத இடத்தில் டீசலையும் மெல்லிய எண்ணெயையும் கலந்து ஊற்றுவார்கள். டில்லர்களில் சிலிண்டர் பெரும்பாலும் படுக்கைவாட்டில் இருப்பதால் எண்ணெய் அடிப்பக்கத்திலேயே தேங்கும். மேல்பக்கத்து வளையங்கள் உலர்ந்தே கிடக்கும். எந்திரத்தையே சாய்த்து நிறுத்தி ஊற வைப்பது இதனால்தான். பாடநூல் படித்துவிட்டு வருபவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம் இது.

பிறகு காத்திருப்பு. ஒரே நாளில் விடுவதும் உண்டு. இரண்டு வாரம் இழுப்பதும் உண்டு. நாள்தோறும் ஃப்ளைவீலை முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பார்க்க வேண்டும். முழுச் சுற்றுக்கு முயல்வதும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதும் பொறுமையற்றோர் வேலை. துருவால் நின்ற எஞ்சின் அவர்கள் கையில்தான் உண்மையாகவே சாகிறது. அசைவு கிடைத்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. ஊற்றிய எண்ணெய் உள்ளே நிறைந்திருக்க இன்ஜெக்டரைப் பூட்டிச் சுற்றினால், அழுத்த இயலாத அத்திரவம் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். டீசல் பம்பின் எரிபொருள் தண்டு பிசினேறி முழுத்திறப்பில் சிக்கியிருந்தால், கிளம்பிய எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்துச் சிதறவும் கூடும். ஆகவே அந்தத் தண்டின் அசைவைச் சோதித்து, காற்றுக் குழாயை அடைக்க ஒரு பலகையையும் கையில் வைத்துக்கொண்ட பிறகே அனுபவமுள்ள மெக்கானிக் முதல் முறை கிளப்புவார். இவ்வளவையும் "நாட்டு மூளை" என்று புகழ்ந்து கடந்துவிடுவது இன்றைய கட்டுரைகளின் வழக்கம். உண்மையில் இது முறைப்படி கற்பிக்கத்தக்க நோயறிதல்.

எல்லா எஞ்சினும் மீளும் என்று சொல்வதற்கில்லை. துரு குழிகளாக அரித்த பின் பிஸ்டன் விடுபட்டாலும் அழுத்தம் நிற்காது. லைனர் மாற்றத்தக்க டில்லர் எஞ்சினுக்கு அப்போதும் வழியுண்டு. மாற்று அளவில் பிஸ்டனே கிடைக்காத மலிவான புல்வெட்டும் எந்திரத்துக்கு இல்லை. அதனைக் கண்டம் செய்வதே நேர்மை. ஆனால் அந்த முடிவு திறந்து பார்த்தவரின் முடிவாக இருக்க வேண்டும்.

அவ்வாறு ஏன் இருப்பதில்லை? மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, பொருளைப் பயனற்றது என அறிவிப்பதற்கான காரணத்தைப் பதிவு செய்யச் சொல்கின்றன. அதிகாரி விரும்பினால் குழு அமைக்கலாம் என்கின்றன. ஊழியரின் கவனக்குறைவால் பொருள் பழுதாகியிருந்தால் பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. நோக்கம் நல்லது. விளைவு வேறு. "மூன்று மழைக்காலம் திறந்தவெளியில் நின்றது" என்று உண்மையை எழுதினால் விளக்கம் கேட்கப்படும். "பழையது" என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே எந்திரங்கள் அனைத்தும் முதுமையால் இறக்கின்றன.

மானியமும் இதே திசையில் தள்ளுகிறது. 2014-15இல் தொடங்கிய வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கம் புதிய எந்திரம் வாங்கவும் வாடகை மையங்கள் அமைக்கவும் நிதி தருகிறது. பயிற்சிக்கும் இடமுண்டு, மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் இயங்கும் பண்ணை எந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் பராமரிப்பையும் கற்பிக்கிறது. ஆயினும் நிறுத்தி வைக்கப்பட்ட எந்திரத்தை மீட்பவருக்கு, வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆதரவில் சிறு பங்கேனும் கிடைப்பதாகச் சொல்ல முடியாது.

உதிரிபாகம் மற்றொரு முட்டுக்கட்டை. இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் தன் மெதுவேக டீசல் எஞ்சினைக் கைவிட்ட பிறகும் ராஜ்கோட்டின் சிறு தொழிற்கூடங்கள் அதன் வழிவந்த எஞ்சின்களையும் உதிரிகளையும் வார்த்துவந்தன. எனவே அரைநூற்றாண்டு பழைய லிஸ்டரை எழுப்புவது, ஐந்தாண்டுக்கு முன் இறக்குமதியான பெயரறியாப் புல்வெட்டியை எழுப்புவதைவிட எளிது. "பழையது" என்ற சொல் எவ்வளவு பொருளற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தபோது வேளாண் கருவிகளையும் அதன் வரம்புக்குள் வைத்தது. டிசம்பரில் இணையவாயிலும் வந்தது. உதிரிபாகம் இத்தனை ஆண்டு கிடைத்தாக வேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை. அமெரிக்காவின் கொலராடோ 2023இல் இயற்றிய வேளாண் கருவிச் சட்டம் நம்மவரால் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அங்கே மென்பொருள் பூட்டு முதன்மைச் சிக்கல். இங்கே ஒரு கேஸ்கெட்.

டேவிட் எட்ஜர்ட்டன் "தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்" நூலில் தொழில்நுட்ப வரலாற்றைப் புதுமையிலிருந்து விலக்கிப் பயன்பாட்டின் பக்கமும் பராமரிப்பின் பக்கமும் திருப்பியது 2006இல். கருத்தரங்குகளில் அந்நூல் விவாதிக்கப்படுகிறது. அதே வளாகத்தின் பின்புறம் டில்லர் ஏலம் போகிறது.

மாற்று வழிக்குக் கேரளமே எடுத்துக்காட்டு. மண்ணுத்தி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய உணவுப் பாதுகாப்புப் படை, நடவு எந்திரமும் டில்லரும் ஓட்டுவதோடு அவற்றைப் பழுதுபார்க்கவும் உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் பழக்கியது. ஒரு வேளாண் பொறியியல் துறை ஆண்டுக்கு ஒரு முறை, கண்டம் பட்டியலிலுள்ள எந்திரங்களை ஏலத்துக்கு முன் மாணவரிடமும் ஓர் ஊர் மெக்கானிக்கிடமும் ஒப்படைத்து, என்ன காரணத்தால் நின்றது என்பதை மட்டுமேனும் எழுதி வாங்கலாம். மாணவருக்கு அது செய்முறைத் தேர்வாக அமையும். மெக்கானிக்குக்கு நாள்கூலி அன்றி ஆசிரியருக்குரிய மதிப்பூதியம் தரப்பட வேண்டும். அதை எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவது என்று நிதிப்பிரிவு கேட்கும். அந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டும்.