யானையும் குருவியும் பேசிய கதை

நுழையும்முன்

நூலொன்றை நண்பருக்குப் பரிந்துரைப்பது எளிய செயல்போலத் தோன்றும். ஆயின், நூலோடு நண்பரின் மனத்தையும் அறிந்தவர்க்கே அது கைகூடும். பரிந்துரைக்கப்படும் நூல் மாயமும் மந்திரமும் நிறைந்த புதினமாக இருப்பின், 'பொய்க்கதையால் என்ன பயன்?' என்னும் வினா எழுவது இயல்பு. எல்லைப்புற ஊரொன்றில் எழுந்த அவ்வினாவுக்கு விடைதேடும் கருத்துக் கட்டுரை இது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வருபவர் என் பள்ளித் தோழர். தொழிற்சாலையில் சுழற்சிமுறைப் பணி. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று அவருடைய உறக்கமும் சுழலும். பள்ளி நாள்களில் நூலகத்தின் கதவு திறக்குமுன் வாசலில் நின்ற அவர், பணியில் சேர்ந்தபின் பாடநூல் அல்லாத நூலொன்றையும் தொட்டதில்லை. அண்மையில் ஒருநாள் அவரே என்னிடம் கேட்டார்: "பேருந்தில் படிக்க நல்ல புத்தகங்களாகச் சொல். பேயும் பூதமும் வரும் பொய்க்கதைகள் வேண்டா. வாழ்க்கைக்கு உதவுவனவாக இருக்கட்டும்."

நான் எழுதிக்கொடுத்த பட்டியலில் இருந்தவை அனைத்தும் அவர் வேண்டா என்ற வகையைச் சேர்ந்தவையே. அதைப் பார்த்துவிட்டு அவர் நகைத்தார். அந்நகைப்புக்கு நான் கூறிய விடையே இக்கட்டுரை.

பொய்ம்மொழிக்கும் இடமுண்டு

நடப்பியலுக்கு அப்பாற்பட்டவற்றை நடப்பனபோலப் புனையும் கதைகளை மிகைபுனைவு என்பர். இவ்வகை மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடை வகைகளை எண்ணும்போது, உண்மையில் நிகழாத ஒன்றைக் கட்டியுரைக்கும் பொய்ம்மொழியையும் ஒரு வகையாக ஏற்றுக்கொள்கிறது. உரையாசிரியர் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடத்துக்குச் சென்று ஒன்றைச் செய்தன என்பதாகும். பொய் என்று தெரிந்தே அதற்கு இலக்கணத்தில் இடமளித்த மொழி நம்முடையது.

அந்த எடுத்துக்காட்டு எங்கள் ஊரில் தனிப்பொருள் பெறுகிறது. கேழ்வரகு முற்றும் பருவத்தில், கருநாடகத்தின் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக எங்கள் பகுதிக்கு வருகின்றன. உழவர் இரவெல்லாம் பரண்மீது விழித்திருப்பர். விளைந்த நிலம் ஓரிரவில் பாழாவதும் உண்டு. மனித உயிர்களும் யானையின் உயிரும் மடிவதும் உண்டு. இங்கு வளரும் குழந்தைக்கு யானை அச்சம் தரும் ஓசை. அக்குழந்தைக்கு யானையின் வழித்தடத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் அறிவியல் நூல் எடுத்துரைக்கும். ஆனால், யானையாக நின்று ஒரு நொடி இவ்வுலகைக் காணச்செய்வது கதையே. யானை பேசாது என்பதை அறிந்தவர்க்கே, யானை பேசும் கதை தேவைப்படுகிறது.

தப்பித்தலா? விடுதலையா?

மிகைபுனைவின்மீது சுமத்தப்படும் முதற்குற்றம், அது வாழ்க்கையிலிருந்து தப்பியோடக் கற்பிக்கிறது என்பது. இக்குற்றச்சாட்டுக்கு ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1939ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவில் விடையளித்தார். சிறைப்பட்டவன் வீட்டை நினைப்பதும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது அவருடைய கருத்து. அவர் போரை அறியாதவர் அல்லர். முதல் உலகப்போரில் 1916ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தில் நின்றவர்; நெருங்கிய நண்பர்களை அப்போரில் இழந்தவர். அவரே பின்னாளில் 'ஹாபிட்' (1937) என்னும் புதினத்தையும், மோதிரங்களின் தலைவனைப் பற்றிய பெரும்புதினத்தையும் (1954–55) படைத்தார். பேராற்றல் தரும் மோதிரம் ஒன்றை அடைவதற்காக அன்றி, அழிப்பதற்காகச் செல்லும் எளியோரின் பயணம் அது. அதிகாரத்தை மறுப்பது அதைப் பெறுவதினும் அரிது என்பதை அக்கதை உணர்த்துகிறது. இதை வாழ்க்கைக்கு உதவாத செய்தி என்று எவ்வாறு தள்ளுவது?

பட்டியலில் இருந்தவை

நான் முதலில் எழுதியது புதினம் அன்று, காப்பியம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் கடல்தெய்வம் ஒரு பெண்ணை வான்வழியே தீவுக்கு எடுத்துச் செல்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத உணவுக்கலம் கிடைக்கிறது. இவை வியப்புகள். ஆனால், அக்கலத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதை வியப்பினும் ஆழமானது. மனிதரே இல்லாத தீவில் தனித்து விடப்பட்ட அவன், பிறர்க்கு ஊட்ட இயலாத கலம் எனக்கு எதற்கு என்று அதனைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர்துறக்கிறான். பசித்தவர் இல்லாத இடத்தில் அமுதசுரபி வெறும் ஓடு. அதே கலத்தைக் கையில் ஏந்திய மணிமேகலையோ சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். மாயப்பொருளை வைத்து அறத்தைப் பேசும் கலையில் நாம் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர்.

அடுத்தது பாரதியாரின் 'ஞானரதம்' (1910). திருவல்லிக்கேணியில் அமர்ந்திருக்கும் ஒருவர் அறிவு என்னும் தேரேறிக் கந்தர்வ உலகம், சத்திய உலகம், தரும உலகம் முதலியவற்றைக் கண்டு மீள்கிறார். அடிமை நாட்டில் வாழ்ந்த கவிஞர், வேறோர் உலகு இயலும் என்று காட்டிய உரைநடை அது. இறுதியில் தேர் அவரைப் பழைய தெருவிலேயே இறக்கிவிடுகிறது. கனவு கண்டவர் வேலைசெய்ய வேண்டிய இடம் தெருதான் என்பதை அவர் மறைக்கவில்லை.

மூன்றாவது, பிரெஞ்சு விமானி அந்துவான் து செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' (1943). வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரால் மூலமொழியிலிருந்தே தமிழாக்கப்பட்டு, 1981ஆம் ஆண்டு க்ரியா வெளியீடாக வந்தது. சிறுகோள்கள்தோறும் செல்லும் இளவரசன் ஒரு கோளில் விளக்கேற்றுபவனைக் காண்கிறான். அக்கோள் விரைந்து சுழல்வதால், நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கை ஏற்றி அணைக்க வேண்டும், உறங்க நேரமில்லை. மற்றொரு கோளில் ஒரு வணிகன் விண்மீன்களை எண்ணி, அவை தனக்கே உரியன என்று கணக்கெழுதுகிறான். இவ்விருவருள் இளவரசனின் மதிப்பைப் பெறுபவன் விளக்கேற்றுபவனே. அவன் தன்னையன்றி வேறொன்றைப் பற்றிக் கவலைப்படுபவன்.

நான்காவது, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குயின் 1968ஆம் ஆண்டு எழுதிய, எர்த்சீ தீவுகளின் மந்திரவாதியைப் பற்றிய புதினம். செம்பழுப்பு நிறமுடைய சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் மந்திரப் பள்ளியில் தற்பெருமையால் ஒரு நிழலை எழுப்பிவிடுகிறான். அதற்கு அஞ்சி ஓடியவன், பின்னர்த் திரும்பி நின்று அதனைத் துரத்துகிறான். தன் பெயராலேயே அந்நிழலை அழைக்கிறான். பகைவன் வெளியே இல்லை என்று அறிந்துகொள்ளும் அவ்விடத்துக்காகவே அந்நூலைப் படிக்கலாம்.

இறுதியாக, ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). கற்பனைக் கோயில் நகரொன்றின் எழுச்சியையும் அழிவையும் மூன்று பகுதிகளாக விரிக்கும் பெரும்புதினம். வாசிப்புப் பயிற்சி பெற்றபின் கையிலெடுக்க வேண்டியது என்று அதன் அருகே குறித்திருந்தேன்.

எல்லையில்லாக் கதைகள்

என் தோழரின் வீட்டுமொழி தெலுங்கு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் எங்களுடையது. எங்கள் ஊர்க்கோயிலின் பேட்டராயர் என்னும் திருப்பெயரிலும் 'வேட்டை' என்னும் சொல்லே அண்டைமொழி வடிவில் ஒலிக்கிறது. தமிழ் இலக்கியம் தமக்கு உரியதோ என்னும் தயக்கம் தோழருக்குச் சிறுவயதில் இருந்தது. அதனைப் போக்கியது ஒரு சிறுவர் இதழ்.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையில் தொடங்கிய இதழ், தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் வெளிவந்தது. பின்னர்க் கன்னடம் உள்ளிட்ட பல மொழிகளிலும் பரவியது. அவர் வீட்டில் தெலுங்கு இதழ். எங்கள் வீட்டில் தமிழ் இதழ். வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமனின் படம் இரண்டிலும் ஒன்றே. இரு இதழ்களையும் திண்ணையில் அருகருகே விரித்து, ஒருவர் எழுத்தை மற்றவர் கற்றோம். எல்லைக்கோட்டை மதிக்காதவை யானைகள் மட்டுமல்ல, கதைகளும்தாம்.

எவற்றை விலக்கலாம்?

மிகைபுனைவு என்னும் பெயர் தாங்கிய அனைத்தும் நல்லன என்று நான் கூறவில்லை. மாயம் விலையின்றிக் கிடைக்கும் கதை சோம்பலை வளர்க்கும். அமுதசுரபிக்கு ஒரு நெறியுண்டு. மோதிரத்துக்கு ஒரு விலையுண்டு. இடர் வரும்போதெல்லாம் மந்திரக்கோல் நீளுமாயின் கதைமாந்தர் வளர்வதில்லை, படிப்பவரும் வளர்வதில்லை. வெண்மையை நன்மையாகவும் கருமையைத் தீமையாகவும் காட்டும் கதைகளை ஐயத்துடனே அணுக வேண்டும். விற்பனைக்காகவே முடிவின்றி நீட்டப்படும் தொடர்களைப் பாதியில் நிறுத்துவது குற்றமன்று.

மேலும், கூலியையும் நிலத்தையும் சாதியையும் நேர்நின்று பேசும் நடப்பியல் புதினங்களுக்கு மிகைபுனைவு மாற்றாகாது. இருப்பதை அறியாதவன் இல்லாததைக் கனவு காண்பதில் பொருளில்லை. இருப்பது மட்டுமே உலகம் என்று நம்புகிறவனோ எதையும் மாற்ற முற்படமாட்டான். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து.

சில வாரங்களுக்குப்பின் தோழரைப் பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். பையில் 'குட்டி இளவரசன்' இருந்தது. "அந்த விளக்கேற்றுபவன் எங்கள் தொழிற்சாலையில்தான் இருக்கிறான்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதைச் சொல்ல வேறொரு கோள் எதற்கு?" என்றும் கேட்டார். "நம் கோளில் அவனை நாள்தோறும் கடந்து செல்கிறோம்; நின்று பார்ப்பதில்லையே" என்றேன். அவர் உடன்பட்டதாகக் கூறவில்லை. இரவில் தம் மகளுக்கு அக்கதையைத் தெலுங்கில் சொல்லிவருவதாக மட்டும் கூறிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

நண்பருக்கு நாம் கொடுக்கும் நூல் அவரை நம் கருத்துக்கு இழுக்க வேண்டியதில்லை. அவர் நிறுத்திவிட்ட ஓர் உரையாடலை அவருக்குள் மீண்டும் தொடங்கினால் போதும். அதற்கு யானையும் குருவியும் பேச வேண்டுமாயின், பேசட்டும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த மிகைபுனைவு ஒன்றில் மாயப்பொருளுக்கு உரிய நெறியையும் விலையையும் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் வழங்கும் வியப்புக்கதை ஒன்றை முதியோரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன மொழிநடையிலேயே எழுதுக.

3. நூல் படிக்கும் வழக்கத்தை விட்டுவிட்ட நண்பருக்கு ஒரு நூலைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதுக. அந்நூலை அவருக்கெனத் தேர்ந்த காரணத்தையும் குறிப்பிடுக.