காலிச் சாலையும் சிவப்பு விளக்கும்

“நாலு பக்கமும் பார்த்தாச்சு, ஒரு வண்டியும் வரலை. அப்புறம் எதற்கு நிற்கணும்?” அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பலருக்கும் இது நியாயமான கேள்வியாகவே படுகிறது. சமதளமான கரிசல் பூமி, நேராகக் கிடக்கும் சாலை, நெரிசலும் குறைவு. எனவே சாலை காலியாக இருந்தால் சிவப்பைத் தாண்டலாம், சைக்கிள்காரர் தாராளமாகத் தாண்டலாம் என்று ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. இந்த வாதத்தை எந்தப் பக்கம் தொட்டுப் பார்த்தாலும் அது நிற்பதில்லை.

முதலாவது, சாலை காலியாக இருப்பதே அபாயத்துக்குக் காரணம். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நின்ற இடத்திலிருந்து சைக்கிளை மிதித்துச் சாலையின் ஒரு பக்கத்தைத் தாண்ட ஐந்து நொடி ஆகுமென்றால், அதற்குள் அந்தக் கார் 110 மீட்டர் நெருங்கிவிடும். இரவில் முகப்பு விளக்கை மட்டும் பார்த்து அதன் வேகத்தைக் சரியாகக் கணிப்பது கடினம். கிராமச் சாலை வந்து சேரும் விலக்குகளில் சீமைக்கருவேல் புதர் பார்வையை மறைக்கிறது. விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையிலும் இதே கதைதான். ரயில்கள் குறைவு என்ற தைரியத்தில் மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறவர், கால அட்டவணையில் இல்லாத சரக்கு ரயிலைக் கணக்கில் எடுப்பதில்லை.

‘சைக்கிள்காரர் விழுந்தால் அவருக்குத்தானே அடி?’ என்பது அடுத்த வாதம். சைக்கிளின் எடையும் வேகமும் குறைவு என்பது உண்மை. 2019 திருத்தத்துக்குப் பின் சிவப்பைத் தாண்டுவதை ஆபத்தான ஓட்டுதலாகச் சொல்லி, முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவும் மோட்டார் வண்டி ஓட்டுநரையே குறிக்கிறது. ஆனால் பச்சையை நம்பி வரும் டூவீலர்காரர் சைக்கிளைத் தவிர்க்க வண்டியை ஒடித்தால் கீழே விழுவது அவரும் அவர் பின்னால் உட்கார்ந்திருப்பவரும்தான். பேருந்து திடீரென்று பிரேக் அடித்தால் உள்ளே நிற்கும் பயணிகள் அடிபடுவார்கள்.

‘வெளிநாட்டில் அனுமதிக்கிறார்களே?’ அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982 முதல் சைக்கிளுக்குத் தனி விதி வைத்திருக்கிறது. அங்கே சிவப்பில் முழுதாக நின்று, மற்றவருக்கு வழிவிட்ட பிறகே சைக்கிள்காரர் போகலாம். பாரிஸில் 2012இல் சோதித்து 2015இல் விரிவாக்கிய சலுகை, சைக்கிளும் அம்புக்குறியும் வரைந்த பலகை மாட்டிய சந்திப்புகளுக்கு மட்டுமே உரியது. அங்கும் பாதசாரிக்கே முன்னுரிமை. சலுகை இன்னதென்று சாலையில் வரும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு உள்ள விலக்கும் அப்படியே, சைரனும் சுழல்விளக்கும் மற்றவரை எச்சரித்துவிடுகின்றன. தனக்குள்ளே முடிவெடுத்துச் சிவப்பைத் தாண்டுகிறவர் யாரையும் எச்சரிப்பதில்லை.

ஆளில்லாத இரவில் வெகுநேரம் காத்து நிற்க வைப்பது அநியாயம் என்ற குறையில் நியாயம் இருக்கிறது. அதற்கு மாற்று நம் சாலை விதியிலேயே உண்டு: மின்னும் மஞ்சள் என்றால் வேகம் குறைத்துக் கவனமாகப் போகலாம், மின்னும் சிவப்பு என்றால் நின்று பார்த்துப் போகலாம். எந்தச் சந்திப்பில், எத்தனை மணிக்குமேல் இது வேண்டும் என்று காவல்துறையிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் மக்கள் கேட்க வேண்டும். பள்ளிக்கும் மில்லுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குத் தனி நேரமோ பலகையோ தேவையென்றால் அதையும் கேட்டுப் பெறலாம். அதுவரை சிவப்பு எரியும்போது காரும் சைக்கிளும் நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் குறுக்கே வருபவர் அதை நம்பித்தான் வருகிறார்.