ஆராய்ச்சியை விட்டுவிடாதீர்கள்!

சிறுபான்மை மாணவர்கள் முனைவர் பட்டம் பெறக் கைகொடுத்த மௌலானா ஆசாத் உதவித்தொகையைப் புதிதாக வழங்குவதை மத்திய அரசு 2022இல் நிறுத்தியது. அநீதிதான்; தட்டிக் கேட்போம். அதற்காக ஆராய்ச்சியையே கைவிடலாமா?

அதே அரசு 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ரூ.19,744 கோடிக்கு ஒப்புதல் தந்தது. அந்த வாயுவைச் சேமித்து வைப்பதுதான் பெரும்பாடு! ஒரு கிலோவே சாதாரண அழுத்தத்தில் 11 கன மீட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். உலோகத்துக்குள் உறிஞ்சவைத்துச் சேமிக்கும் ஆய்வு சென்னை ஐ.ஐ.டி.யிலும் நடந்திருக்கிறது.

எம்.எஸ்ஸி. இயற்பியல், வேதியியல் முடித்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால், 2023 முதல் மாதம் ரூ.37,000. இதில் மதம் கேட்பதில்லை.

வணிகப் பெருமக்களே! படித்த மகனை உடனே கல்லாவில் உட்காரவைக்கத்தான் வேண்டுமா? மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தத்தான் வேண்டுமா?