செய்ன் கரையில் யாருக்கு இடம்?



பாரிஸில் செய்ன் நதிக்கரையோரம் பழைய புத்தகம் விற்பவர்களைப் பற்றி எழுதினால் எல்லாருக்கும் பிடிக்கும். கரும்பச்சைப் பெட்டிகள், மஞ்சள் பூத்த தாள்கள், பின்னாலே நோத்ர்தாம் தேவாலயம். எனக்கும் அந்த இடம் பிடிக்கும். ஆனால் அவர்கள் ஒலிம்பிக்கின்போது அரசோடு மோதி வென்ற கதையை இடதுசாரிகளான நாங்களே பாதியோடு நிறுத்திவிடுகிறோம். மீதிப் பாதி எங்கட ஆக்களைப் பற்றியது.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த பாதி. 2024 யூலை 26 அன்று தொடக்க விழாவை ஆற்றிலேயே நடத்தத் திட்டம். பாதுகாப்புக்காகச் சுமார் 900 பெட்டிகளில் 600 அளவிலானவற்றைக் கழற்ற வேண்டும் என்று 2023 கோடையில் பொலிஸ் தலைமையகம் அறிவித்தது. வியாபாரிகள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனாலும் சங்கமாக நின்றார்கள், விடாமல் குரல் கொடுத்தார்கள். 2024 பெப்ரவரி 13 அன்று ஜனாதிபதி மக்ரோன் பின்வாங்கினார். இவர்கள் தலைநகரின் வாழும் மரபு என்று எலிசே மாளிகை சொன்னது. நல்ல வெற்றி. நானும் சந்தோசப்பட்டேன்.

பல்கலைக்கழகம் போகிற வழியில் பெட்டி வைத்திருக்கும் ஒரு முதியவரோடு இரண்டு வருசமாகக் கதைத்து வருகிறேன். பெட்டியைத் திறந்தவுடன் முதலில் வருபவர் வழி கேட்பவராம். அடுத்தவர் படம் எடுப்பவர். செத்துப்போன அப்பாவின் புத்தகங்களைப் பையில் கொண்டுவந்து "இதுக்கு என்ன தருவீங்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. இடையிலே பேப்பர் படித்து வருகிறவர் போகிறவரோடு அரசியல் கதைப்பார். ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64 ஆக்கியதற்கு எதிராக 2023இல் நாடே தெருவில் இறங்கியதைப் பற்றிக் கேட்டேன். "எழுபது தாண்டியும் இங்க நிக்கிறேன், என்னட்ட கேக்கிறீரே" என்று சிரித்தார்.

இடத்துக்கு அவர் வாடகை கட்டத் தேவையில்லை. ஆனால் நான்கு பெட்டியில் ஒன்றில் மட்டும்தான் நினைவுப்பொருள் விற்கலாம், மற்ற மூன்றிலும் புத்தகம்தான் இருக்க வேண்டும் என்பது மாநகரசபை விதி. "அந்த ஒண்டுதான் மற்ற மூண்டுக்கும் சாப்பாடு போடுது" என்பார். அந்த ஒன்றில் தொங்குவது ஐஃபெல் கோபுரச் சாவிக்கொத்து.

அதே மாதிரிச் சாவிக்கொத்தைப் பத்தடி தள்ளி ஒரு பெடியன் தரையில் துணி விரித்து விற்கிறான். துணியின் நாலு மூலையிலும் கயிறு. பொலிஸைக் கண்டால் ஒரே இழுவையில் மூட்டையாக்கிக்கொண்டு ஓடுவதற்கு. இவர் விற்பது மரபு. அவன் விற்பது குற்றம். அனுமதியில்லாமல் தெருவில் விற்பதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் ஆறு மாதச் சிறையும் 3,750 யூரோ அபராதமும் வரை போகலாம். 2011இலிருந்து இது இப்படித்தான்.

பக்கத்துப் பெட்டிக்காரர் ஒருவர் இந்தப் பெடியன்களைப் பற்றிப் பொலிஸிடம் முறையிடுகிறவர். வருமானம் போகிறது என்ற கோபம் பொய்யில்லை. ஆனால் எங்கட முதியவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: "1649இல பொன் நெஃப் பாலத்தில புத்தகம் பரப்பி விக்கிறதையே தடை செய்தவங்கள். அப்ப நாங்கள்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாக்கள். பெட்டியை இரவிலயும் சுவரில விட்டுட்டுப் போகலாமெண்டு விட்டது 1891இலதான்." அதாவது, இன்று மரபு என்று காப்பாற்றப்படுவது ஒரு காலத்தில் துரத்தப்பட்ட தொழில். துரத்தத் துரத்தத் திரும்பி வந்ததால்தான் அது மரபானது.

இனி மீதிப் பாதி. பெட்டிகள் தப்பி இரண்டு மாதத்தில், 2024 ஏப்ரல் 17 அன்று, வித்ரி-சுர்-செய்னில் ஒரு கைவிடப்பட்ட கட்டடத்திலிருந்து சில நூறு குடியேறிகளைப் பொலிஸ் வெளியேற்றியது. வேலைக்குப் போகிறவர்கள், அகதித் தகுதி பெற்றவர்கள்கூட அதில் இருந்தார்கள். ஓர்லெயான், போர்தோ என்று பஸ் காத்திருந்தது. ஒலிம்பிக்குக்கு முந்திய ஒரு வருசத்தில் பாரிஸ் பிராந்தியத்தில் இப்படி 12,500க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டதாக ஒலிம்பிக்கைக் கண்காணித்த அமைப்புகளின் கூட்டு கணக்குக் காட்டியது. இவர்களுக்காக எந்த மாளிகையும் பின்வாங்கவில்லை. ஒரே ஆறு, ஒரே விழா, ஒரே பொலிஸ். வித்தியாசம், யாரை இந்த நகரம் தன் அழகின் பங்காக நினைக்கிறது என்பதில்தான்.

எங்கட அப்பாமாரின் தலைமுறை இதை மறந்திருக்க ஏலாது. எண்பதுகளில் வந்து இறங்கியவர்களில் எத்தனை பேர் உணவகம் உணவகமாக ஏறி ரோசாப்பூ விற்றவர்கள்! 2015இல் கானில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் நாயகனும் பாரிஸ் தெருவில் மினுங்கும் விளையாட்டுச் சாமான்தான் விற்கிறான். அதற்குக் கைதட்டிவிட்டு லாச்சப்பலுக்கு வந்தால் என்ன கேட்கிறது? ட்ரொலியில் சோளம் வாட்டி விற்பவனால் தெரு நாறுகிறது, பொலிஸ் என்ன செய்கிறது என்று எங்கட கடைக்காரர் சிலரே புறுபுறுக்கிறார்கள். கடை வந்ததும் தெரு அந்நியமாகிவிட்டது.

ஆகவே புத்தகப் பெட்டிகளை ஆதரித்தோம் என்பதோடு திருப்திப்பட வேண்டாம். புத்தகத்தை நேசிப்பது சுகமான அரசியல். அதற்கு எதிரிகள் குறைவு. தெருவில் விற்பதற்குச் சிறை என்ற சட்டப்பிரிவு நீங்க வேண்டும். சாவிக்கொத்துக்கும் சோளத்துக்கும் அனுமதி பெறும் வழி திறக்க வேண்டும், அதற்கு முதல் அவர்களுக்கு விசா வேண்டும். இவற்றை எங்கட கோரிக்கைப் பட்டியலில் முன்னுக்கு வைப்போம். லாச்சப்பல் கடைக்காரர்களோடும் இதைக் கதைப்போம். அவர்கள் எங்கட மாமாமார், சித்தப்பாமார். தமிழில் கேட்க எங்களை விட்டால் ஆளில்லை.

பொலிஸ் ஒருவனின் மூட்டையைப் பறிப்பதைக் கண்டால் கடந்து போகாமல் நில்லுங்கள். நின்று பார்ப்பது குற்றமில்லை.