அந்த நாளும் அந்த அக்டோபரும்

1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘அந்த நாள்’ திரைப்படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பாடலே இல்லாத முதல் தமிழ்ப்படம் என்ற ஒரு செய்தியோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். செய்தி உண்மைதான். பாடலும் இல்லை, நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. அதை இயக்கியவரோ வீணை மேதை எஸ். பாலச்சந்தர்! ஆயினும், அப்படத்தை நாம் மீண்டும் பார்க்க வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் வேறு. இந்த உளவாளியின் கதையை மலேசியத் தமிழராகிய நாம் பார்க்கும்போது, சென்னைவாசிக்கு எளிதில் தோன்றாத ஒரு கேள்வி நமக்குள் எழுகிறது.

கதை நடப்பது 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். அம்மாதம் 11ஆம் நாள் இரவு ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு வீசியது வரலாற்று உண்மை. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். படம் தொடங்கியவுடனே கதாநாயகன் இறந்துவிடுகிறான்! ராஜனாக நடித்த சிவாஜி கணேசன், ‘பராசக்தி’ வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆன இளம் நடிகர். நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடிக்க அவர் முன்வந்ததற்குத் துணிச்சல் வேண்டும்.

துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் மற்றொருவர்மீது விரல் நீட்டுகின்றனர். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் ராஜன் வெவ்வேறு மனிதனாகத் தெரிகிறான். இந்த உத்திக்குத் தூண்டுகோலாக அமைந்தது அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ என்பர். ஜப்பானுக்கு உளவு சொன்னவனின் கதையைச் சொல்ல ஒரு ஜப்பானியப் படமே வழிகாட்டியது வேடிக்கைதான். வாக்குமூலங்கள் நீளும் நடுப்பகுதியில் சிறிது தொய்வு உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. கொன்றவர் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

ராஜன் ஏன் அப்படி ஆனான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவன் அறிவாளி. தன் திறமையைத் தாய்நாடு மதிக்கவில்லை என்ற கசப்பு அவன் நெஞ்சில் புண்ணாகி, நாளடைவில் புரையோடிவிடுகிறது. மதிக்காத நாட்டுக்கு நான் ஏன் விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது அவன் வாதம். அவனுடைய மனைவி உஷா நாட்டுப்பற்று மிக்கவள். பண்டரிபாய் அவளை உரத்த குரலின்றி, கண்களாலேயே நடித்துக் காட்டுகிறார்.

ஆனால், 1943இல் இந்தியாவை ஆண்டது ஆங்கிலேய அரசு. அப்படியானால் ராஜன் விற்றது யாருடைய இரகசியத்தை? விடுதலைக்குப் பின் எடுக்கப்பட்ட இப்படம் இந்தக் கேள்வியை மெல்லக் கடந்துபோகிறது. நம்மால் அப்படிக் கடந்துபோக முடியாது. சென்னையில் குண்டு விழுந்த பத்தே நாளில், அக்டோபர் 21ஆம் நாள், சிங்கப்பூரின் கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அவருக்குத் துணை நின்றது அதே ஜப்பான். மலாயாவின் இரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அவர்களும் துரோகிகளா?

அதே அக்டோபரில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 17ஆம் நாள், சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போடப்பட்டு வந்த தண்டவாளங்கள் இணைந்தன. சயாம் மரண இரயில் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக ஜப்பானியர் பல்லாயிரம் மலாயாத் தமிழர்களைக் கொண்டுசென்றனர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் ஏராளம். ஆக, ஒரே மாதத்தில் ஒரே ஜப்பான் சென்னைத் தமிழனுக்குப் பகைவன். சிங்கப்பூரில் அணிவகுத்தவனுக்குத் துணைவன். காட்டில் தண்டவாளம் போட்டவனுக்குக் காலன்.

இதனால் ராஜன் குற்றமற்றவன் ஆகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. படையில் சேர்ந்த தோட்டத் தொழிலாளி தன் உயிரைப் பணயம் வைத்தான். ராஜனோ தன் தெருவில் வாழ்பவர்களின் உயிரைப் பணயம் வைக்கிறான். வானிலிருந்து விழும் குண்டு ஆங்கிலேய அதிகாரியின் மாளிகை எது, அண்டை வீட்டுக்காரரின் வீடு எது என்று பார்ப்பதில்லை. அவன் செயலை நான் வெறுப்பதற்கு இதுவே காரணம். ‘நாடு’ என்ற சொல்லைக் காட்டிலும் இது எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது.

கறுப்பு வெள்ளைப் படம், அதிலும் பாட்டில்லாத படம், மாணவர்கள் பொறுமையாகப் பார்ப்பார்களா என்று சிலர் தயங்கக்கூடும். என்னைக் கேட்டால், வரலாற்று வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப்படம் அரிது. கடைசி வாக்குமூலத்துக்குச் சற்று முன்பாகப் படத்தை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் 11, 17, 21 என்ற மூன்று தேதிகளை மட்டும் எழுதி, மாணவர்களைப் பேசவிடலாம். மீதிப் படத்தை அடுத்த பாடவேளையில் பார்த்துக்கொள்ளலாம்.