பக்கத்து ஊர்த் தங்கம்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில், ஒட்டுசுட்டானை அடைவதற்கு முன்னர் வருகின்ற சிற்றூர் கரிப்பட்டமுறிப்பு. முறிப்பு என்று முடியும் ஊர்ப்பெயர்கள் வன்னியில் உண்டு. பேருந்தில் போகின்றவர்கள் பெரும்பாலும் இறங்காமலே கடந்து செல்லும் ஊர். 2022 ஜனவரியில் ஒருநாள் அந்தப் பெயர் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் அனைத்திலும் வந்தது. பாகிஸ்தானின் லாகூரில் நடைபெற்ற சவேட் போட்டியில், 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான பிரிவில், அவ்வூரைச் சேர்ந்த இந்துகாதேவி கணேஷ் தங்கப் பதக்கம் பெற்றார்.

சவேட் என்றால் என்னவென்று அதுவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. கைகளாலும் கால்களாலும் மோதுகின்ற பிரெஞ்சு நாட்டுக் குத்துச்சண்டை அது. இதே வகையைச் சேர்ந்த ஏனைய சண்டைகளில் வெறுங்காலுடன் இறங்குவார்கள். சவேட்டில் சப்பாத்து அணிந்தே ஆகவேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிகளில் இன்றைக்கும் வெறுங்காலுடன் ஓடுகின்ற பிள்ளைகளைக் கொண்ட ஒரு மாவட்டத்துக்கு, சப்பாத்து கட்டாயமான விளையாட்டில் தங்கம் கிடைத்திருக்கிறது.

அக்காலத்தில் நான் எழுதிய குறிப்புக்கு 'வறுமையை வென்ற வன்னி மகள்' என்று தலைப்பிட்டேன். மற்றவர்களும் ஏறத்தாழ அப்படித்தான் எழுதினார்கள். மாலைகள் விழுந்தன, பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன, படங்கள் வந்தன. அந்தத் தலைப்பைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். ஏனெனில் அதனை நான் மீளப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் தலைமுறை வன்னிப் பிள்ளைகளுக்கும் ஒரு விளையாட்டு வீரர் இருந்தார். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்தவர். இரண்டு தடிகளை நட்டு, ஒரு கயிற்றைக் கட்டி, குளத்து மணலைக் கொட்டி எங்களைப் பாயவிட்ட ஆசிரியர், ஒவ்வொரு தடவையும் அவருடைய பெயரைச் சொல்லியே கயிற்றை உயர்த்துவார். ஆனால் அவர் யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரியில் படித்தவர், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். எங்களுக்கு அவர் புராணத்து மனிதர் போன்றவர். அனுமன் கடலைத் தாண்டியதைக் கேட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் தன்னால் முடியவில்லையே என்று கவலைப்படுவதில்லை.

பக்கத்து ஊரில், அதே தரிப்பிடத்தில் பேருந்துக்குக் காத்து நின்ற ஓர் அக்கா வென்றால் நிலைமை வேறாகி விடுகிறது. 'எங்களாலும் முடியும்' என்ற எண்ணம் பிள்ளைக்கு வருகிறது. அதன் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2022இல் 25 வயதுக்குட்பட்டவர்கள், 2009 மே மாதத்தில் பன்னிரண்டு வயதைத் தாண்டாத சிறுவர்கள். இடப்பெயர்வும் செட்டிகுளத்து முகாம்களும் அந்தத் தலைமுறையின் பள்ளிப் பருவத்தை எப்படித் தின்றன என்பதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தலைமுறையிலிருந்து ஒருத்தி உலகத்தின் முன் நின்றாள் என்பது பெரிய விடயம்.

ஆனால் அதே அண்மை பிள்ளையின் மீது வேறொன்றையும் சுமத்துகிறது. 'அந்தப் பிள்ளை அவ்வளவு கஷ்டத்திலும் வென்றதே, உனக்கென்ன குறை?' என்ற கேள்வி. பெற்றோர் கேட்கிறார்கள், ஆசிரியர் கேட்கிறார், பரிசளிப்பு விழாவுக்கு வருகின்ற அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். மைதானம் இல்லை என்றால், அவருக்கு மட்டும் இருந்ததா என்கிறார்கள். சப்பாத்து இல்லை என்றாலும் அதே பதில். ஒருத்தி இல்லாமையைத் தாண்டியதை, மற்றவர்களுக்கும் இல்லாமையே போதும் என்பதற்குச் சான்றாக்கி விடுகிறோம். கொடுக்க வேண்டியவன் கொடுக்காமல் இருப்பதற்கு இதைவிட வசதியான நியாயம் வேறில்லை. அந்த நியாயத்தை எழுதிக் கொடுத்தவர்கள் என்னைப் போன்ற பத்திரிகையாளர்கள்.

முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தமது 72ஆவது வயதில் தங்கம் வென்றபோதும் இதே கதைதான். 'எழுபத்திரண்டு வயதிலேயே முடிகிறது, இளசுகள் கைத்தொலைபேசியோடு கிடக்கிறார்கள்' என்று ஒரே ஏச்சு. அந்த அம்மையாரின் வெற்றியைக் கொண்டாட வந்தவர்கள் பேரப்பிள்ளைகளை ஏன் திட்டினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டி என்றொரு கிராமம் உண்டு. துடுப்பாட்ட வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் ஊர். 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், ஒரே அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். ஊர் திரும்பியபோது குதிரைகள் பூட்டிய இரதத்தில் அழைத்துச் சென்றார்கள். அதுவும் மாலைதான், ஊர்வலம்தான். ஆனால் 2023 ஜூனில் அதே ஊரில் அவர் அமைத்த மைதானம் திறக்கப்பட்டது. தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். இன்று அங்கே வளரும் பிள்ளைக்கு நடராஜன் சுவரொட்டியில் இருக்கும் படம் மட்டுமல்லர். மாலை நான்கு மணிக்குப் போய்ப் பந்து வீசுவதற்கான இடமும் அவர்தான்.

ஐ.பி.எல். பணம் இருந்தது, செய்தார் என்பீர்கள். உண்மை. சவேட்டில் அப்படிப் பணம் கிடையாது. அதனால்தான் எங்கள் பிள்ளைகளின் மைதானத்தை வென்றவளின் தலையில் கட்ட முடியாது என்கிறேன். அது அரசினதும் மாகாண சபையினதும் பிரதேச சபையினதும் வேலை; புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் தோள் கொடுக்கலாம்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி, யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். வரட்டும், நல்லது. வியாஸ்காந்த் போன்ற பிள்ளைகளைத் தந்த மண்ணுக்கு அது தகும். ஆனால் கரிப்பட்டமுறிப்பிலிருந்து மண்டைதீவு நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். அங்கே ஒரு நாள் போட்டி பார்க்கப் போகலாம். தினமும் பழகப் போக முடியாது. ஒட்டுசுட்டான் பிரதேசத்துக்கு ஒரு கூரை போட்ட பயிற்சி மண்டபம், விரிப்பு, பத்துச் சோடிக் கையுறை, சம்பளம் பெறும் ஒரு பெண் பயிற்றுநர் என்று கேட்டால் அது சின்ன விடயமாகத் தெரிகிறது. சின்ன விடயங்களுக்கு நாடா வெட்ட எவரும் வருவதில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் அப்பக்கத்துப் பாடசாலையொன்றின் விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். வழக்கம்போல என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நானும் வழக்கம்போல லாகூர்த் தங்கத்தைப் பற்றிப் பேசினேன். இறங்கி வந்து சோடா குடித்துக்கொண்டிருந்தபோது, பதின்மூன்று வயதிருக்கும், குண்டெறிதலில் இரண்டாமிடம் பெற்ற பிள்ளை ஒன்று கிட்ட வந்து கேட்டது:

"ஐயா, அந்த அக்கா பழகிப்போட்டு எத்தினை மணிக்கு வீட்டை போறவா?"

எனக்கு ஒரு கணம் கேள்வி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாலை ஆறு மணிக்குப் பின்னர் அந்த வீதியில் யானை இறங்கும். அதற்குப் பிறகு பேருந்தை நம்பியிருக்க முடியாது. தனியாக வரும் பெண்பிள்ளைக்கு யானையைவிட வேறு பயங்களும் உண்டு. பாடசாலை முடிந்து பழகத் தொடங்கினால் வீடு போய்ச் சேருவது எப்படி என்பதைத்தான் அந்தப் பிள்ளை கேட்டது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அருகில் நின்ற அதிபரிடம் கேட்டேன். பின்னேரப் பயிற்சியை ஐந்து மணியோடு நிறுத்திவிடுவதாகவும், ஆறரைக்கு ஒரு பேருந்து விடும்படி இரண்டு தடவை கடிதம் எழுதியிருப்பதாகவும் சொன்னார்.