குனியும் முதுகும் நமது பொறுப்பும்

நமது கிட்டங்கியில் முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர், "மொதலாளி, நிமிர்ந்து நிக்க முடியலை" என்றார். "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டோம். எலும்பு டாக்டர் ஒருவரிடம் விசாரித்த பிறகே, நாம் சொன்னது பாதி உண்மைதான் என்று விளங்கிற்று.

முதுகெலும்பு நேர்க்கம்பு அல்ல. கீழ்முதுகில் அது முன்பக்கமாக வளைந்து, இடுப்பெலும்பின் மேல் நிற்கிறது. வயது ஏறும்போது எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீர் வற்றித் தேய்கின்றன. கீழ்முதுகின் வளைவு குறைந்து, உடல் முன்னே சாய்கிறது. சாய்வைச் சரிக்கட்ட இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல்கிறது. அதுவும் போதாதபோது முழங்கால் மடங்குகிறது. சும்மா நிற்பதற்கே தசைகள் பாடுபட வேண்டியிருக்கிறது.

இடுப்பெலும்பு அகலமும் ஆகிறதாம். 20 வயதுக்கும் 79 வயதுக்கும் இடையே சுமார் ஒரு அங்குலம் கூடுவதாக 2011ல் அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே, பழைய கால்சட்டை இறுகினால் தொந்தியை மட்டும் குறை சொல்ல வேண்டாம்!

இவை இயற்கை. அதன்மேல் பாரம் ஏற்றுவது நாம். அன்று 100 கிலோ சர்க்கரை மூட்டையை ஒரே ஆள் முதுகில் ஏற்றியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவே உச்சம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்துவிட்டது. கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று நமது மாநிலக் கடைகள் சட்டமும் 2021ல் திருத்தப்பட்டது. எத்தனை கடைகளில் ஸ்டூல் இருக்கிறது?

"கஷ்டமென்றால் அவர்களே சொல்லட்டுமே" என்பார்கள் சிலர். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர் எப்படிச் சொல்வார்? சொன்னால் அன்றைய கூலி குறையும். ஆகவே முடிவெடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு 25 கிலோ சிப்பம் மட்டும் கொடுப்போம். ஒரு தள்ளுவண்டி வாங்கிப் போடுவோம். ஓய்ந்த நேரத்தில் ஊழியர் உட்கார்ந்தால் முறைக்காதிருப்போம். கல்லாவில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் நாமும் மணிக்கொரு முறை எழுந்து நடப்போம்.

அந்தப் பெரியவரை எடைபோடும் வேலைக்கு மாற்றிவிட்டோம். கூலியைக் குறைக்கவில்லை. செலவு கொஞ்சம் கூடியது உண்மைதான். முப்பது ஆண்டு நம் சரக்கைச் சுமந்தவருக்கு அதைச் செலவு என்று எழுத நமக்கு மனம் வரவில்லை.